ராஜகுரு சுவார்ட்ஸ் ஐயர்: பணிவால் உயர்ந்த வாழ்வு

பேர்லின் மாநகரிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவில், ஓடர் ஆற்றுக்கு அப்பால், சுலோன்ஸ்க் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது போலந்து நாட்டைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டு வரை அவ்வூர் ஜேர்மனியின் பிராண்டன்பூர்க் பகுதியில் இருந்தது. அந்நாளில் அதன் பெயர் சொன்னன்பூர்க். அங்கே 1726ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் பிறந்த குழந்தை ஒன்று, பிற்காலத்தில் தமிழ் கற்று, தமிழர் உணவை உண்டு, தமிழ் மண்ணில் நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தஞ்சாவூரிலேயே மண்ணோடு மண்ணானது. கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ் என்பது அவர் பெயர். கிறிஸ்தவ போதகர்களை ஐயர் என்று அழைப்பது தமிழ் மக்கள் வழக்கம். ஆதலால் அவரும் சுவார்ட்ஸ் ஐயர் ஆனார். மன்னர்க்கு நல்லறிவு புகட்டியமையால் ராஜகுரு என்னும் பெயரும் அவருக்கு வாய்த்தது.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் நாம் வாழும் இந்த நொய்கெல்ன் பகுதியிலும் ஒரு முக்கிய நிகழ்ச்சி நடந்தது. 1737ஆம் ஆண்டு, தம் சமய நம்பிக்கைக்காகப் பொகேமிய நாட்டை விட்டு ஓடிவந்த குடும்பங்களுக்குப் பிரசிய மன்னர் முதலாம் பிரீட்ரிக் வில்கெல்ம் ரிக்ஸ்டோர்ப் என்னும் கிராமத்திலே நிலமும் வீடும் அளித்தார். அந்த ரிக்ஸ்டோர்ப் தான் 1912ஆம் ஆண்டு நொய்கெல்ன் எனப் பெயர் மாறி, 1920ஆம் ஆண்டு பேர்லினோடு இணைந்தது. ரிச்சார்ட் சதுக்கத்தை அடுத்துள்ள பழைய பொகேமியக் கிராமத்தை மாணவர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அகதிகளாக வந்தோர் அயல்மொழிக்கு நடுவே தம் மொழியையும் வழிபாட்டையும் பேணி வாழ்ந்த இடம் அது. அதே நாட்டின் மற்றொரு மூலையிலிருந்து ஓர் இளைஞர், தம் விருப்பத்தின் பேரிலேயே தாய்நாட்டை விட்டு, நம்முடைய மொழிக்கு நடுவே அயலாராக வாழப் புறப்பட்டார். அந்த அயலார் எவ்வாறு மக்களின் நெஞ்சத்தில் இடம்பிடித்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தாயின் நேர்ச்சை

சுவார்ட்ஸ் தம் தாயை இளமையிலேயே இழந்தார். இறக்கும் தறுவாயில் அத்தாய், இம்மகனைத் தாம் இறைபணிக்கென நேர்ந்திருப்பதாகவும், அவனுக்கு அவ்விருப்பம் தோன்றினால் தடைசெய்ய வேண்டாம் என்றும் கணவரிடம் சொல்லிச் சென்றார். ஊர்ப் பள்ளியிலும் அண்மையிலுள்ள கியூஸ்ட்ரின் நகரிலும் கற்ற பின், 1746ஆம் ஆண்டு ஹாலே நகரப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அந்நகரிலே அவுகுஸ்ட் ஹேர்மன் பிராங்கே என்னும் பெரியார் நிறுவிய அநாதைப் பிள்ளைகள் இல்லமும் பள்ளிகளும் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றிருந்தன. ஒருவரது கிறிஸ்தவ நம்பிக்கை கோயிலுக்குள் மட்டும் நின்றுவிடலாகாது, அடுப்படியிலும் கடைத்தெருவிலும் நோயாளியின் கட்டிலருகிலும் அது விளங்க வேண்டும் என்பது அவ்விடத்துக் கோட்பாடு. மனிதருக்குள்ள நன்மை யாவும் இறைவன் அருளாற் பெற்ற கொடை. கொடையாகப் பெற்றதைக் கொண்டு செருக்கடைவது அறியாமை. இவ்வெண்ணம் அவ்விளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஹாலே நகரிலே அவர் பெற்ற மற்றொரு செல்வம் தமிழ். சென்னையிற் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே என்பார் தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிட எண்ணினார். அச்சுப்பிழை பார்ப்பதற்குத் தமிழறிந்தவர் தேவைப்பட்டனர். அதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். திட்டமிட்டபடி அந்த அச்சு வேலை நிறைவேறவில்லை. ஆனால் கற்ற மொழி அவரை விடவில்லை. இன்று ஜேர்மன் மண்ணிலிருந்து அகரம் எழுதப் பழகும் நம் மாணவர்களுக்கு முன்பே, ஏறக்குறைய இருநூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அதே மண்ணில் அதே அகரத்தை ஒரு ஜேர்மன் மாணவர் எழுதிப் பழகினார்.

தமிழ்நாட்டிலே தரங்கம்பாடியில் அக்காலத்தில் தென்மார்க்கு நாட்டினரின் கோட்டை இருந்தது. 1706ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டு, 1719ஆம் ஆண்டு காலமானார். அவர் தொடங்கிய பணிக்கு ஆள் தேவையென அழைப்பு வந்தபோது சுவார்ட்ஸ் முன்வந்தார். தந்தையார் சில நாள்கள் சிந்தித்தபின், மனைவியின் நேர்ச்சையை நினைந்து ஆசி கூறினார். மகனோ, குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தார்க்கே விட்டுக்கொடுத்துப் புறப்பட்டார். 1749ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரிலே குருப்பட்டம் பெற்றார். 1750ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, யூலை மாதம் தமிழ்க் கரையை அடைந்தார்.

மழலையரோடு மழலையாக

கரையிறங்கி நான்கு மாதங்களுக்குள், நவம்பர் 23ஆம் நாள், சீகன்பால்கு கட்டிய எருசலேம் ஆலயத்திலே தமிழில் முதற் பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் வியந்திருத்தல் கூடும். ஆனால் எழுதி வைத்துப் பேசுவது வேறு, மக்களோடு கலந்து பேசுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே அடுத்து அவர் செய்த செயல் நம் பாடசாலை மாணவர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. மிகச் சிறிய பிள்ளைகள் இருந்த வகுப்பைத் தமக்குக் கேட்டுப் பெற்றார். அப்பிள்ளைகளுக்குச் சமயபாடம் சொல்லிக் கொடுத்தபடியே, அவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசும்போது தாமும் உடனிருந்து தட்டுத்தடுமாறிப் பேசக் கற்றார். இதனைத் தம் கடிதம் ஒன்றில் மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

அவருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. பல்கலைக்கழகம் கண்டவர், எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். அத்தகையவர் ஐந்து வயதுக் குழந்தை தம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க இடம் கொடுத்தார். தமிழரின் சமய நூல்களையும் பல ஆண்டுகள் நாள்தோறும் வாசித்தார். பிறர் நெஞ்சில் உள்ளதை அறியாமல் அவரோடு பேசுதல் முறையன்று என்பது அவர் கருத்து. நாளடைவில் போர்த்துக்கேயம், ஆங்கிலம், இந்துஸ்தானி, பாரசீகம், மராத்தி ஆகிய மொழிகளும் அவருக்கு வாய்த்தன. 1760ஆம் ஆண்டு இலங்கைக்கும் சென்று, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்த கிறிஸ்தவர்களைக் கண்டு திரும்பினார்.

கட்டிலளவு அறை

1762ஆம் ஆண்டு அவர் காவிரிக்கரை வழியே தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நடந்தே சென்றார். திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது. 1763ஆம் ஆண்டு அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். தந்தையை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காகச் சுவார்ட்ஸ் ஒரு பள்ளி தொடங்கினார். அப்பள்ளி இன்றளவும் திருச்சிராப்பள்ளியிலே நடைபெற்று வருகின்றது. அடுத்த ஆண்டு மதுரை முற்றுகையில் காயமுற்ற வீரர்களைப் பேணினார். அதற்காக அவர்க்குக் கிடைத்த பணமும் பிள்ளைகளின் பள்ளிக்கே போயிற்று. 1766ஆம் ஆண்டு அந்நகரில் கிறிஸ்து ஆலயம் கட்டி முடிக்கப்பெற்றது.

இவ்வளவும் செய்தவர் எங்கே வாழ்ந்தார்? பழைய கட்டடம் ஒன்றிலே ஓர் அறை. அவரது கட்டிலும் அவரும் கொள்ளுமளவே இடம். உயரமானவர் உள்ளே நிமிர்ந்து நிற்றல் இயலாது. உணவு, ஊரார் சமைக்கும் முறையிலே ஆக்கிய சோறும் மரக்கறியும். உடை, கறுப்புச் சாயம் ஏற்றிய முரட்டுப் பருத்தித்துணி. ஓராண்டுக்கு அதுவே போதும். வருவாய், மாதம் பத்து வராகன். அக்கால ஆங்கிலப் பணத்தில் ஆண்டுக்கு நாற்பத்தெட்டுப் பவுண். பின்னர் படையினரின் போதகர் என்ற முறையில் அரசாங்கம் ஆண்டுக்கு நூறு பவுண் அளிக்க முன்வந்தது. அதிற் பாதியைத் தமிழ்ச் சபையின் தேவைக்கென்று ஒதுக்கிவிட்டார்.

இதனைக் கடுந்தவம் என்று எண்ண வேண்டாம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வறுமையிலிருந்தவர் அல்லர். அவரோடு பழகிய ஆங்கிலேயர்கள் அவரது முகமலர்ச்சியையும் கலகலப்பான பேச்சையுமே பெரிதாக எடுத்துரைத்துள்ளனர். தமக்கென்று எதுவும் வேண்டாதவருக்கு இழப்பதற்கும் எதுவுமில்லை. ஆகவே அவர் எவரிடமும் அஞ்சாமற் பேசினார். ஆங்கிலப் படைத்தலைவரிடமும், நவாபின் ஆட்களிடமும், அரசரிடமும், குறவரிடமும் அவருக்கு ஒரே முகம்தான் இருந்தது.

ஐதர் அலியின் அவையில்

தஞ்சாவூரை அப்போது ஆண்டவர் மராத்திய மன்னர் துளஜா. சுவார்ட்ஸ் அவரை 1769ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தித்தார். நட்பு வளர்ந்தது. 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் தஞ்சாவூரிலேயே நிலையாகக் குடியேறினார்.

மறு ஆண்டு சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினி அரசு அவரை ஒரு பெரும் பொறுப்புக்கு அழைத்தது. மைசூரை ஆண்ட ஐதர் அலி போருக்கு ஆயத்தமாகிறார் என்னும் செய்தி பரவியிருந்தது. அவரிடம் சென்று சமாதானம் பேச வேண்டும். கும்பினியின் அதிகாரிகளை ஐதர் நம்பவில்லை. அவர்கள் முன்னர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பது அவரது முறைப்பாடு. எனவே எவராலும் விலைக்கு வாங்க முடியாதவர் என்று பெயர்பெற்ற சுவார்ட்ஸ் ஐயர் தேவைப்பட்டார். இரத்தம் சிந்துதல் தடுக்கப்படுமாயின் தாம் மறுப்பது தகாது என எண்ணி அவர் ஒப்புக்கொண்டார். வழிச்செலவு தவிர வேறெதையும் ஏற்கவில்லை.

சீரங்கப்பட்டணத்திலே ஐதர் அலி அவரைத் தம் அருகே அமர்த்திப் பேசினார். ஐதரின் படையிற் பணிபுரிந்த ஜேர்மானியரைக் கூட்டிச் சுவார்ட்ஸ் அங்கேயே கூடாரத்தில் வழிபாடும் நடத்தினார், எவரும் தடைசெய்யவில்லை. விடைபெறும்போது ஐதர் வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் அளித்தார். மறுத்தால் மன்னரை அவமதித்ததாகும் என்பதால் பெற்றுக்கொண்டு, சென்னைக்கு வந்ததும் அதனை அரசிடம் ஒப்படைத்தார். அரசு வாங்க மறுத்தபோது, தஞ்சாவூரிலே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அமைக்க அதனை முதற்பணமாக வைக்க இசைவு கேட்டுப் பெற்றார்.

அவரது தூது போரைத் தடுக்கவில்லை. 1780ஆம் ஆண்டு ஐதரின் பெரும்படை கர்நாடகச் சமவெளியிலே புகுந்தது, ஊர்கள் எரிந்தன. ஆயினும், சுவார்ட்ஸ் பாதிரியாரை எவரும் தடுத்து நிறுத்தலாகாது, அவர் விரும்பிய இடத்திற்குச் செல்ல விட வேண்டும் என்று ஐதர் தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். பகைவர் இருவருக்கும் நடுவே தனியொருவராக நடந்து செல்ல அவரால் முடிந்தது.

எண்பதாயிரம் கலம் நெல்

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. ஊர்ப்புறத்து மக்கள் உயிர்தப்பத் தஞ்சைக் கோட்டைக்குள் திரண்டனர். கோட்டைக்குள் நெல் இல்லை. சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்தனர். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களில் நெல் இருந்தது! அதனை வாங்க அரசிடம் பணமும் இருந்தது. பின்னர் ஏன் பட்டினி?

மக்கள் அரசை நம்பவில்லை, அதுவே காரணம். முன்னர் அரச அதிகாரிகள் நெல்லை எடுத்துச் சென்று பணம் கொடாமல் ஏமாற்றியிருந்தனர். சுமைக்கென்று கொண்டுபோன மாடுகள் திரும்பி வரவில்லை. அரசன் ஆணையிட்டும், கும்பினியார் கேட்டும் ஒரு மாடுகூட அசையவில்லை. இறுதியில், தம் அனைவரின் வாக்கும் மதிப்பிழந்துவிட்டது, சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கையாவது மக்கள் ஏற்கின்றனரா பார்க்கலாம் என்று மன்னர் முடிவு செய்தார். மக்களோடு பேசி உடன்படிக்கை செய்யும் உரிமை அவரிடம் வழங்கப்பட்டது.

சுவார்ட்ஸ் தம் பெயராலே எல்லாப் பக்கமும் கடிதங்கள் அனுப்பினார். நெல்லுக்கு உரிய விலையைத் தம் கையாலேயே தருவதாகவும், மாடு ஏதேனும் பகைவரிடம் பறிபோனால் அதற்கும் விலை தருவதாகவும் உறுதி கூறினார். ஓரிரு நாள்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. அவருடைய உபதேசிமாரும் பிறரும் உயிராபத்தையும் பொருட்படுத்தாது ஊர்ப்புறம் சென்றனர். மிகக் குறுகிய காலத்துள் எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால்; எத்தனை குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்திருக்கும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பாருங்கள். வந்தவர் அனைவருக்கும் பேசியபடி பணம் கொடுத்து, சிறு அன்பளிப்பும் வழங்கி, முகமலர அனுப்பினார்.

கட்டிலளவு அறையில் வாழ்ந்ததன் பயன் இங்கேதான் வெளிப்பட்டது. இருபது ஆண்டுகளாக எந்தக் கையும் எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லையோ, அந்தக் கை எழுதிய கடிதம் நாணயமாக மாறிற்று. பணிவு என்பது தலையைக் குனிந்து இன்சொல் பேசுவதோடு முடிந்துவிடுவதில்லை. நாள்தோறும், எவரும் பாராத இடத்திலும், தன்னைப் பின்னே நிறுத்திப் பிறரை முன்னே வைக்கும் பழக்கம் அது. அப்பழக்கம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, நெருக்கடி வரும் நாளில் ஊரையே காக்கும் நம்பிக்கையாகின்றது.

இதுபோன்ற நிகழ்ச்சி மீண்டும் ஒருமுறை நடந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் உழவர் பெருந்தொகையினராய்த் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறினர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. இனி நீதி செய்வதாக மன்னர் வாக்களித்தும் எவரும் திரும்பவில்லை. மன்னரின் வேண்டுகோளின்படி சுவார்ட்ஸ் உறுதிமொழி கூறினார். முதலிற் கள்ளர் குலத்தார் திரும்பினர். பின்னர் மற்றையோரும் வந்தனர். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் தம் நிலங்களுக்குத் திரும்பினர் என்று அவரே எழுதியுள்ளார். பருவம் தப்பிவிட்டதே என்று சோர்வடையாமல் இரவுபகலாக உழைக்கும்படி அவர்களை ஊக்கினார். முந்தைய ஆண்டினும் அவ்வாண்டு விளைச்சல் மிகுதியாயிற்று.

பெறாமற் பெற்ற மைந்தர்

சுவார்ட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆயினும் அவருக்கு மைந்தர் இருந்தனர். தரங்கம்பாடியிற் பிறந்த ஜேர்மானியச் சிறுவன் கோல்ஹோப் அவரிடமே வளர்ந்து போதகரானான். பாளையங்கோட்டையைச் சேர்ந்த தேவசகாயம் என்பாரின் மகனைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து கல்வி அளித்தார். அச்சிறுவனே பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). மூன்றாமவர் ஓர் இளவரசர்.

1787ஆம் ஆண்டு, துளஜா மன்னர் மரணப்படுக்கையிற் கிடந்தபோது, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோசியைச் சுவார்ட்ஸ் கையில் ஒப்படைத்தார். ஒரு நாட்டின் அரசுரிமையே தேடிவந்தது போன்ற பொறுப்பு அது. ஆனால் சுவார்ட்ஸ் அதனைத் தனியே ஏற்க இசையவில்லை. மன்னரின் தம்பி அமரசிங்கர் பாதுகாவலராக இருப்பதே முறை என்று ஆலோசனை கூறினார். அவ்வாலோசனை எண்ணியபடி முடியவில்லை. அமரசிங்கர் கும்பினியின் இசைவோடு தாமே அரியணை ஏறினார். சிறுவனை இருளறையில் அடைத்து, கல்வியும் கிட்டாமற் செய்தார்.

சுவார்ட்ஸ் வாளாவிருக்கவில்லை. அரசவையிலும் சென்னையிலும் முறையிட்டார். சிறுவனைச் சிறையிலிருந்து மீட்டார். தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1793ஆம் ஆண்டு அவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று பாதுகாப்பாக இருக்கச் செய்தார். அவனது உரிமை நிலைபெறும் வரை ஓயாது எழுதினார். தம் ஆலோசனை தீங்காய் விளைந்தபோது, பழியை எவர்மீதும் சுமத்தாமல், அதனைத் திருத்துவதற்கே தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டமை அவரது பணிவின் மற்றொரு முகம்.

அச்சிறுவனே பின்னாளிற் சரசுவதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கி, பள்ளிகளும் மருத்துவமும் வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர். அவர் இறுதிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே நின்றார். அதனால் இருவரின் அன்பும் அணுவளவும் குறையவில்லை. தம் நம்பிக்கையை ஒளியாமற் பேசியவர் சுவார்ட்ஸ். ஆனால் தாம் அளித்த அன்புக்கு விலையாக எதையும் கேட்டவர் அல்லர். அருள் என்பதன் பொருளே அதுதானே? விலை கேட்டால் அது வாணிகம் ஆகிவிடும்.

உண்மை வரலாறு சொல்லப் புகுந்தால் குறையையும் சொல்லுதல் வேண்டும். அக்காலத் தமிழ்ச் சபைகளிலே ஒரே கூரையின் கீழும் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தனர். சுவார்ட்சும் அவரோடிருந்த போதகர்களும் அதனை ஆணையிட்டு அகற்றவில்லை. போதனையாலே நாளடைவில் மறையும் என்று நம்பினர். அது மறையவில்லை. பின்வந்தோர் பல தலைமுறைகள் போராட வேண்டியதாயிற்று. மென்மை மட்டும் போதாத இடங்களும் உண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இறுதி நாள்கள்

1798ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள், எழுபத்தோராம் வயதில், தஞ்சாவூரிலே சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். கட்டிலைச் சூழ்ந்து நண்பர்கள் பாமாலை பாடியபோது, உயிர் பிரிந்துவிட்டதென்று எண்ணப்பட்டிருந்த அவரும் குரலெடுத்து உடன்பாடினார் என்று கூறுவர். அவரது இறுதி நோயின்போது வந்து ஆசி பெற்ற சரபோசி, அடக்கத்தின்போதும் வந்து, பொன்னாடை போர்த்திக் கண்ணீர் விட்டார். அவ்வாண்டு யூன் மாதமே அவர் அரியணை ஏறினார். குருவின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே ஒரு பாடல் இயற்றிப் பொறிப்பித்தார். இலண்டன் நகரச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு சலவைக்கற் சிற்பமும் செய்வித்தார். சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் அதனைக் காணலாம். கட்டிலிற் கிடக்கும் முதியவரின் கையை இளம் மன்னர் பற்றி நிற்கிறார். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கென ஓர் அறநிலையத்தையும் மன்னர் குருவின் நினைவாக அமைத்தார். சுவார்ட்சிடம் எஞ்சியிருந்த பொருள் யாவும் அவரது விருப்பப்படி ஏழைகளுக்கும் திருச்சபைப் பணிக்குமே சேர்ந்தது.

நமக்குரிய பாடம்

கிறிஸ்தவர்களுக்கு இவ்வாழ்வின் ஊற்று எது என்று சொல்ல வேண்டியதில்லை. தம் சீடர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரை அவர்கள் வழிபடுகின்றனர். பெரியவராக விரும்புவோர் ஊழியராதல் வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. திருவள்ளுவரோ அடக்கமுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். எந்தக் கோயிலுக்குச் செல்லும் பிள்ளையாயினும் இப்பாடம் நமக்கு அந்நியமானதன்று.

பெற்றோர்களே, இந்நாட்டுக்கு வந்த புதிதில் அலுவலகத்து மேசை முன்னே ஜேர்மன் மொழி வாயில் வராமல் நாம் தவித்த நாள்கள் பல. இன்றும் சிலர் தம் பிள்ளைகளையே மொழிபெயர்க்க அழைத்துச் செல்கின்றோம். மாணவர்களே, உங்களுக்குத் தமிழ் நாவிற் புரளாமல் ழகரமும் ளகரமும் மயங்கும்போது கூச்சம் வருகின்றது. வீட்டில் ஒருவரையொருவர் திருத்தும்போது சிலவேளை கோபமும் வருகின்றது. சொன்னன்பூர்க்கில் பிறந்த அந்த இளைஞர் தரங்கம்பாடியின் சிறுபிள்ளைகளிடம் பிழையாகப் பேசவும், அவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரிக்கவும் நாணவில்லை. பிற்காலத்தில் மன்னர்களும் உழவர்களும் நம்பிய அந்த வாக்கு அவ்வகுப்பிலேதான் முதன்முதற் பேசப் பழகியது.

ஆகவே, அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அருகிலிருக்கும் பிள்ளை பிழையாக வாசித்தால் பொறுமையோடு கேளுங்கள். அன்று மாலை அம்மாவோ அப்பாவோ ஜேர்மன் சொல் ஒன்றைக் கேட்டால் அன்போடு சொல்லிக் கொடுங்கள். சுவார்ட்ஸ் ஐயர் தொடங்கிய இடமும் அதுவே.